சாயம் பார்க்க எடுத்த சேலை

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். தி. நகரில் இன்றைக்கு எனக்கு மூன்று மாடி ஜவுளிக்கடை இருக்கிறது. பதினாலு வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, அடுத்தவன் கடைக்குத் தலையில் துணிப் பேல் சுமந்து, கடைசியில் அதே கடையை விலைக்கு வாங்கியவன். காலேஜ் படித்தவர்கள் பதினோரு பேர் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலால் சேலையைத் தொட்டால் எந்த ஊர்த் தறி என்று சொல்லிவிடுவேன். வாசலில் செருப்பைக் கழற்றுகிற விதத்தை வைத்தே இவள் எடுப்பாளா, புரட்டிப் போட்டுவிட்டுப் போவாளா என்று தெரிந்துவிடும். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்படுகிற அளவுக்கு உழைத்திருக்கிறேன்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. என் மனைவிக்கும் இருக்கிறது. சூரத்துக்குச் சரக்கெடுக்கப் போய்வந்த காலத்தில் நான் வாங்கி வந்தது. அவளுக்கு என்னிடமிருந்து வந்தது. ஆனால் முதலில் படுத்தவள் அவள்தான். எலும்பும் தோலுமாகி, பாலும் இறங்காமல் கிடந்தவளை ஆஸ்பத்திரியில் கொடுத்த கூட்டு மருந்து தூக்கி நிறுத்தியது. பிள்ளைகளுக்கு இன்றுவரை தெரியாது. பெசன்ட் நகரில் எங்கள் வீட்டுப் பீரோவில் மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் மாற்றி வைத்திருப்பேன். சாவி என் இடுப்பில். காலையில் காப்பி குடித்ததும் ஆளுக்கு ஒன்று எடுப்பேன். அவள் கையை நீட்டுவாள், நான் வைப்பேன். வெள்ளையாய், நீளமாய் ஒரு மாத்திரை. அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. எனக்கும் வராது, ஆனால் டப்பாக்களை அடையாளம் வைத்துக்கொள்வேன்.

அடையாறு பக்கம் ஒரு மருத்துவமனையில் எங்களுக்கு வைத்தியம். அங்கே வரிசையில் உட்கார்வதுதான் எனக்கு ஆகாத காரியம். கடையில் நான் வந்தால் எழுந்து நிற்பார்கள். இங்கே என் பக்கத்தில் ஒரு பெயின்டர் உட்காருவான். ஆற்றோரத்தில் குடிசை போட்டிருந்து, இடித்தபின் ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போட்டார்களே, அந்த ஆள்களில் ஒருவன். நகமெல்லாம் சுண்ணாம்பு. என்னை ‘நைனா’ என்பான். எனக்கும் அவனுக்கும் ஒரே நோய், ஒரே மாத்திரை, ஒரே பெஞ்சு.

போன வருஷம் ஒரு நாள் டாக்டரம்மா என்னையும் என் மனைவியையும் அந்தப் பெயின்டரையும் சேர்த்து உட்காரவைத்து, கையில் கேள்வித்தாள் வைத்துக்கொண்டு பேசினாள். சின்ன வயசு, என் மகள் வயசுதான் இருக்கும். இந்த நோயை அடியோடு போக்க உலகத்தில் பல இடங்களில் ஆராய்ச்சி நடக்கிறதாம். இங்கே எதுவும் ஆரம்பிக்கவில்லையாம். வந்தால் சேருவீர்களா, மாட்டீர்களா என்று நோயாளிகளின் மனசைக் கேட்டு எழுத வேண்டுமாம்.

அந்த ஆராய்ச்சியில் ஒரு கட்டத்தில் மாத்திரையை நிறுத்துவார்கள் என்றாள். வாராவாரம் ரத்தம் பார்ப்பார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கிருமி திரும்பி வந்துவிடும், உடனே மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள். ரொம்ப அபூர்வமாக யாருக்காவது நீண்ட நாள் வராமல் இருக்கலாம். இன்னொன்றும் சொன்னாள். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் மருந்து. யாருக்கு எது என்று வாங்குகிறவனுக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது.

எவனாவது இதற்கு ஒத்துக்கொள்வானா என்று கேட்டேன். பட்டு என்று சொல்லிப் பாலியஸ்டரைக் கட்டிக் கொடுக்கிற வேலை அல்லவா அது.

“முன்னாடியே சொல்லிட்டுத்தான் சார் செய்வாங்க. இஷ்டம் இருந்தா சேரலாம், இல்லன்னா வேணாம். சேர்றவங்களுக்கு நேரடியா எந்த லாபமும் இருக்காது. பின்னால வர்றவங்களுக்குத்தான்.”

பெயின்டர் உடனே கையைத் தூக்கினான். தன் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னான். நான் சிரித்தேன். பணம் எதுவும் தர மாட்டார்கள், ஏமாந்துவிடாதே என்றேன்.

“இப்போ நாம துன்னுகினு கீற மாத்திரைய நம்மளுக்கு முன்னாடி எவனோ துன்னு பார்த்துக்கீறான்ல நைனா? அவன் இன்னா லாபம் பார்த்தான்?”

சுவரில் வெள்ளையடிக்கிறவனுக்கு வாய் ஜாஸ்தி என்றேன். அதற்கும் சிரித்தான்.

என் மனைவியிடம் கேட்டபோது, மாத்திரையை மட்டும் நிறுத்த மாட்டேன் என்றாள். டாக்டரம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். நான் விடாமல், நீயாக இருந்தால் உன் அப்பாவைச் சேர்ப்பாயா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவள் பேனாவை மூடினாள். “உண்மையச் சொல்லணும்னா, யோசிப்பேன் சார். நல்லா இருக்கிறவங்ககிட்ட மாத்திரையை நிறுத்துங்கன்னு சொல்ல எனக்கே மனசு வராது.”

இங்கேதான் நான் தப்பு செய்தேன். ஐம்பது வருஷம் கவுண்டரில் நின்றவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. எங்கள் தொழிலில் நல்ல சரக்கு வெளியே இருக்காது, உள்ரூமில் இருக்கும். வாங்கத் தெம்பிருக்கிற ஆள் வந்தால், ‘அது உங்களுக்கு வேண்டாம்மா, சரிப்படாது’ என்றுதான் ஆரம்பிப்போம். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவளுக்கு அதுதான் வேண்டும். டாக்டரம்மா வேண்டாம், லாபம் இல்லை, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று சொல்லச் சொல்ல, உள்ரூமில் மருந்து இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டேன். இந்த ஊரில் முதலில் குணமான ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பெஞ்சுக்கு அப்புறம் நான் போகக் கூடாது.

ஆனால் மாத்திரையை நிறுத்துவது என்பதுதான் இடித்தது. நிறுத்தினால் உடம்பு தாங்குமா? அதற்கும் எங்கள் தொழிலில் வழி உண்டு. புது ஊரிலிருந்து பேல் வந்தால் அதில் ஒரு சேலையை உருவி, உப்பும் சோப்பும் போட்டுக் கொதிக்கவைப்போம். சாயம் நின்றால் பேல் மொத்தத்தையும் எடுப்போம். அந்த ஒரு சேலை மறுபடி அலமாரிக்கு வராது. அதைப் பற்றி யாரும் வருத்தப்படுவதில்லை.

மருந்துக்கடையில் சுண்ணாம்புச் சத்து மாத்திரை வாங்கினேன். வெள்ளை, நீளம். மறுநாள் காலையிலிருந்து அவள் கையில் அதை வைத்தேன். நிஜ மாத்திரையை நான் விழுங்கினேன். அவளுடையதைத் தூக்கி எறியவில்லை. சரக்கை வீணாக்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது. நகை வந்த ஒரு தகர டப்பாவில் நாளுக்கு ஒன்றாகப் போட்டுப் பீரோவிலேயே வைத்தேன்.

முதல் மாதம் அவள் நன்றாகத்தான் இருந்தாள். சாயம் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எலியட்ஸ் பீச்சில் அவளோடு நடக்கும்போது, பக்கவாட்டில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வருவேன். என்னவென்று கேட்பாள், ஒன்றுமில்லை என்பேன். இத்தனை வருஷத்தில் நான் அவளை அவ்வளவு உற்றுப் பார்த்தது கிடையாது. அவளுக்கு அதில் சந்தோஷம் கூட இருந்தது போலத் தெரிந்தது.

மூன்றாம் மாதம் அவளுக்கு நெற்றியின் வலது பக்கம் எரிச்சல் எடுத்தது. மறுநாள் கொப்புளம் கொப்புளமாக, புருவம் வரைக்கும். பார்த்தவுடன் அக்கி என்று தெரிந்துவிட்டது. அடையாற்றுக்குப் போகலாம் என்றாள். போனால் ரத்தம் எடுப்பார்கள், எடுத்தால் தெரிந்துவிடும். அக்கிக்கு எழுதினால் சரியாகிவிடும் என்று மயிலாப்பூரில் ஒரு சந்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு கிழவி காவியைக் குழைத்து அவள் நெற்றியில் சிங்கம் மாதிரி ஏதோ வரைந்தாள். அந்தக் கோலத்தோடு அவளைக் காரில் உட்காரவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாலு நாள். நாலாம் நாள் இமை மூடி வீங்கிச் சீழ் வந்தபோதுதான் அடையாற்றுக்குப் போனோம்.

டாக்டரம்மா காவியைத் துடைத்துக்கொண்டே, ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டாள். கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். ரத்தம் எடுத்தாள். கண் போய்விட்டது. வலது கண்ணில் இப்போது அவளுக்கு வெளிச்சம் மட்டும் தெரியும், ஆள் தெரியாது.

ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்த அன்று டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினாள். பல வருஷமாக அகப்படாமல் இருந்த கிருமி ஏகத்துக்கு ஏறியிருந்தது. அந்தப் பெண் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. என் மனைவியைப் பிடித்துக்கொண்டாள். இது மாத்திரை சாப்பிடுகிறவர் ரத்தம் இல்லை, பொய் சொல்லாதீர்கள், செத்துப் பிழைத்தவர் நீங்கள், உங்களுக்கே அக்கறை இல்லையென்றால் நான் என்ன செய்வது என்று.

“ஒரு நாளும் தப்பவிடலம்மா. முருகன் மேல சத்தியமாச் சொல்லுதேன். இவுகதான் எடுத்துத் தருவாக, நான் முழுங்குவேன்.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். நான் கொடுத்தது சரிதான், அவளுக்கு மறதி, வாயில் வைத்துக்கொண்டு துப்பியிருப்பாள் என்றேன். கூச்சமில்லாமல் சொன்னேன். சரக்கில் குறை என்று வாடிக்கையாளர் வந்து நின்றால், வீட்டில் தப்பாகத் துவைத்திருப்பீர்கள் என்று சொல்லிப் பழகிய வாய். கட்டுப்போட்ட முகத்தோடு அவள் என் பக்கம் திரும்பினாள். ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், இனிமேல் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று சொன்னாள்.

வெளியே பெஞ்சில் அந்தப் பெயின்டர். அவளைப் பார்த்து எழுந்து நின்றான். “இன்னாம்மா ஆச்சி கண்ணுக்கு?” என்றான். கேட்காமலே என்னிடம் தன் விஷயத்தையும் சொன்னான். அவனுடைய பெயர் இன்னும் அந்தக் காகிதத்தில் இருக்கிறதாம், ஆராய்ச்சி எப்போது வந்தாலும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறானாம். அவனைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சாவியைக் கேட்டாள். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அவள் அந்தச் சாவியைக் கேட்டதில்லை. கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன் என்று இன்னும் புரியவில்லை. பீரோவைத் திறந்து தகர டப்பாவை எடுத்தாள். உள்ளே எழுபதுக்கு மேல் மாத்திரை. அதிலிருந்து ஒன்றை நாக்கில் வைத்தாள். கசப்பில் முகம் சுளித்தாள். அடுத்து, நான் தினமும் அவளுக்கு எடுத்துத் தந்த டப்பாவிலிருந்து ஒன்றை நாக்கில் வைத்தாள். அது வெறும் சுண்ணாம்பு. இரண்டையும் கையில் துப்பி, சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அழுவாள், கத்துவாள், மகனுக்குப் போன் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை காப்பி குடித்ததும் அவள் என் முன்னால் வந்து நின்றாள். “கைய நீட்டுங்க.”

நீட்டினேன். உள்ளங்கையில் ஒரு மாத்திரை வைத்தாள். வெள்ளை, நீளம். இது எது என்று கேட்டேன்.

“முழுங்குங்க. யாருக்கு எதுன்னு தெரியக் கூடாதுன்னு டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாகல்லா.”

அவளுடையதை எனக்குத் தெரியும்படி ஆட்காட்டி விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். கசந்திருக்க வேண்டும், விழுங்கினாள். எனக்கு வைத்த மாத்திரைக்கு அந்தச் சோதனை நடக்கவில்லை. தண்ணீரை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் விழுங்கினேன்.

அன்றிலிருந்து தினமும் இப்படித்தான். எட்டு மாதமாகிறது. அவள் உடம்பு தேறிவிட்டது, அவள் ரத்தத்தில் கிருமி மறுபடி அகப்படவில்லை என்றார்கள். கடைக்குப் போகிறேன், சேலையைத் தொட்டால் இன்னும் ஊர் சொல்கிறேன். இந்த ஒரு மாத்திரையை மட்டும் விரலால் உருட்டிப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. கடித்தால் தெரிந்துவிடும். கசந்தால் நல்லது. கசக்காவிட்டால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? டாக்டரம்மாவிடம் சொன்னால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

போன வாரம் டாக்டரம்மா மறுபடி அதே கேள்வித்தாளோடு வந்தாள். ஒரு வருஷம் கழித்து மனசு மாறியிருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். மருந்தா, வெறும் மாத்திரையா என்று தெரியாமல் சாப்பிடச் சம்மதமா என்ற கேள்வி வந்தது. பக்கத்தில் என் மனைவி, நல்ல கண்ணை என் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சம்மதம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். டாக்டரம்மா ஆச்சரியப்பட்டாள், அன்றைக்கு அவ்வளவு சண்டை போட்டீர்களே சார், பழகிவிட்டதா என்றாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை எனக்கு ரத்தம் எடுக்கிற முறை அடுத்த மாதம் வருகிறது.