படுதாவில் செத்த பிள்ளை

காமன் கூத்தில் செத்தவர்கள் எழுந்து போய்ச் சோறு தின்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் எட்டு வயது வரை சாவைப் பற்றி எனக்குப் பெரிய பயம் ஒன்றும் இருந்ததில்லை. மாசி மாதம் வந்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மன்மதன் எரிவான், ரதி மண்ணில் புரண்டு அழுவாள். அந்த ரதி வேறு யாருமில்லை, என் அப்பாதான். மீசையை மழித்துக்கொண்டு, அம்மாவின் வளையல்களை எண்ணெய் தடவித் தடவிக் கையில் ஏற்றிக்கொண்டு அவர் கிளம்பும்போது எனக்கு மானம் போகும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த லயத்து வீடுகளின் பிள்ளைகள் வருஷம் முழுக்க என்னை "ரதி மக" என்றே கூப்பிட்டார்கள்.

மன்மதன் வேஷம் கடைசி வீட்டுச் சித்தப்பாவுக்கு. வைக்கோல் பற்றியதும் அவர் பொத்தென்று விழுவார். மூன்றாம் நாள்தான் மஞ்சள் தண்ணீர் தெளித்து அவரை எழுப்புவார்கள். நடுவில் அவர் மலை வேலைக்குப் போவதும் வருவதுமாகத்தான் இருப்பார். ஆனாலும் கணக்குக்குச் செத்தவர்தான், யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். எழுப்பின கையோடு கருவாட்டுக் குழம்பு கேட்பார்.

இதில் விளையாட்டே இல்லாத விஷயம் ஒன்று இருந்தது. செத்தவனை எழுப்பியே ஆகவேண்டும். ஒரு வருஷம் அடைமழையில் எழுப்பாமல் விட்டுவிட்டார்களாம், அந்த வாரமே லயத்தில் ஒரு கைக்குழந்தை போய்விட்டதாம். பக்கத்து வீட்டு அத்தை இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்ன எதையும் நான் மறந்ததில்லை.

பதுளைப் பட்டணத்துக்கு பயாஸ்கோப் வந்திருக்கிறது என்று எங்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி சொன்னது இப்படியொரு மாசி கழிந்து சில மாதங்களுக்குப் பிறகு. ராஜா ராணி கதையாம், குதிரையெல்லாம் வருமாம், ஆனால் அங்கே ஆள் யாரும் இல்லையாம். ஆள் இல்லாமல் எப்படிக் கூத்து நடக்கும் என்று அப்பாவுக்கு ஒரே பரபரப்பு. தொழில் போட்டி என்று நினைத்தாரோ என்னவோ. அம்மாவுக்குப் போக மனமில்லை. தம்பிக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை, நாலு நாளாகக் காய்ச்சல். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உடம்பு கொஞ்சம் ஆறியிருந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அத்தை அவனை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். கங்காணி முன்னே நடக்க, லயமே வரிசையாக மலையிறங்கிப் போனோம்.

படம் காட்டிய இடம் பழைய காப்பி ஸ்டோர். காப்பி அழிந்துபோன பிறகு சும்மா கிடந்த கட்டடம். பட்டப்பகலில் இருட்டு வேண்டும் என்று ஜன்னல்களையெல்லாம் சாக்கால் அடைத்திருந்தார்கள். நடுவில் ஒரு வெள்ளைப் படுதா. படுதாவின் காலடியில் ஒரு வாளி. வெளிச்சம் படுதாவுக்குப் பின்னாலிருந்து துணியை ஊடுருவி வரவேண்டும், அதனால் துணி காயக்கூடாது என்று ஓர் ஆள் அந்த வாளித் தண்ணீரை அள்ளி அள்ளித் துணியில் அடித்துக்கொண்டிருந்தான். கதை சொல்வதற்கென்று தலைப்பாகை கட்டிய ஒருவர் கையில் பிரம்போடு நின்றார். மதராஸ் பக்கத்து ஆள்.

கதவைச் சாத்தியதும் நான் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். படுதாவுக்குப் பின்னால் ஏதோ கடகடவென்று சுற்றத் தொடங்கியது. படுதாவில் ஓர் அரண்மனை வந்தது. எல்லோரும் ஆ என்றார்கள். குதிரைகள் ஓடின, குளம்புச் சத்தம் இல்லை. ராணி வாயைத் திறந்து அழுதாள், குரல் இல்லை. அவள் அழுகையைத் தலைப்பாகைக்காரர்தான் ஆண் குரலில் அழுதார். அப்பா ரதியாக அழுவது எவ்வளவோ தேவலை என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

கதை இதுதான். ராஜாவுக்கு இரண்டு பெண்டாட்டி. மூத்தவளுக்கு ஒரே பிள்ளை, மூன்று வயதிருக்கும், சுருட்டை முடி. இளையவள் பேச்சைக் கேட்டு மந்திரி அந்தப் பிள்ளைக்குப் பாலில் விஷம் வைத்துவிடுகிறான். பிள்ளை குடிக்கிறது, சிரிக்கிறது, அப்படியே படியில் சுருண்டு படுத்துக்கொள்கிறது. தூங்குகிறதாக்கும் என்று நினைத்தேன். "பாலகன் மாண்டான்!" என்று பிரம்பால் தரையைத் தட்டினார் தலைப்பாகைக்காரர்.

அப்போது கடகடச் சத்தம் நின்றுபோயிற்று. படுத்திருந்த பிள்ளை அசையாமல் அப்படியே கிடந்தது. அதன் கன்னத்தில் பழுப்பாக ஒரு புள்ளி வந்தது. புள்ளி பெரிதாகிக் கொப்புளித்தது. முகம், சுருட்டை முடி, படி எல்லாவற்றையும் தின்றுகொண்டு நடுவில் ஓர் ஓட்டை விரிந்தது. பின்னால் யாரோ கத்தினார்கள், ஈரச்சாக்கால் அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு படுதாவில் வெறும் வெளிச்சம் மட்டும் இருந்தது.

பிலிம் சூட்டில் கருகியது என்று இப்போது சொல்லத் தெரிகிறது. அன்றைக்கு அங்கே இருந்த எங்களுக்கு நெற்றிக்கண் திறந்துவிட்டது என்பதில் சந்தேகமே இல்லை. செத்த பிள்ளையை எரித்தும் ஆகிவிட்டது. அடுத்தது என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்தது ஒன்றுமில்லை. தலைப்பாகைக்காரர் கும்பிட்டுவிட்டு, "இன்னிக்கு இவ்வளவுதான், எல்லாரும் போகலாம்" என்றார்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கங்காணிதான் மெதுவாகச் சொன்னார்: "பிள்ளைய எழுப்பிட்டுச் சொல்லுங்க. போயிர்றோம்."

"இது கூத்தில்லய்யா, படம். மெஷின் கெட்டுப்போச்சு."

"மெஷின் கிடக்குதுங்க. பிள்ளைய எழுப்பணும்ல?"

"கதையிலயே அவன் எழுந்திருக்க மாட்டான்யா! செத்தவன் செத்தவன்தான்!"

இதை அவர் எரிச்சலில் சொன்னார். என் காதில் அது தம்பியைப் பற்றிச் சொன்னதாகவே விழுந்தது. எழுப்பாவிட்டால் கைக்குழந்தை போகும். எங்கள் லயத்தில் அப்போது இருந்த ஒரே கைக்குழந்தை தம்பிதான், அதுவும் காய்ச்சலில் கிடக்கிறான். இதற்கு முன்னாலும் பயந்திருக்கிறேன், பாம்புக்கு, துரையின் நாய்க்கு, இடிக்கு. அதெல்லாம் ஓடினால் தப்பிக்கிற பயம். இதில் ஓடி எங்கே போவது? அப்பா எதையாவது செய்யமாட்டாரா என்று பார்த்தேன். ஊரையே அழவைக்கிற அந்த ரதி குத்துக்கால் வைத்து உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கையிலிருந்த சேலைத் தலைப்பு இழுபட்டது. அம்மா எழுந்துவிட்டாள்.

ஆட்களைத் தாண்டி நேரே படுதாவிடம் போனாள். ஆண்கள் நடுவே குரலெடுத்துப் பேசாதவள், கங்காணி வந்தால் கதவுக்குப் பின்னே நிற்பவள். வாளிக்குள் கை விட்டு, தண்ணீரை அள்ளி, அந்தப் பிள்ளை படுத்திருந்த இடத்தில் தெளித்தாள். தலைப்பாகைக்காரர் ஏதோ சொல்லப்போனார், கங்காணி கை காட்டி நிறுத்தினார்.

"எந்திரி சாமி" என்றாள் அம்மா. "விடிஞ்சிருச்சு, எந்திரி. இனி நீ நடக்க வேணாம். அம்மா தூக்கிக்கிறேன்."

இன்னொரு தரம் தெளித்தாள். "கோவிச்சுக்காத ராசா. இனிமே நடக்கச் சொல்லமாட்டேன். எந்திரிச்சு வா."

மூன்றாம் தரம் தண்ணீரை மட்டும் தெளித்துவிட்டுத் துணியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா போய் அவள் தோளைத் தொட்டுத் திருப்பி அழைத்துவந்தார். கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டார். ஜனங்கள் எழுந்து, முறை நடந்துவிட்ட திருப்தியோடு வெளியே போனார்கள்.

எனக்கும் உயிர் வந்தது. ஆனால் ஒரு குறை இருந்தது. அம்மா கதையைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று பட்டது. அந்தப் பிள்ளை எங்கே நடந்தது? அரண்மனையில் ஆளுக்கு ஆள் தூக்கிவைத்துக்கொண்டல்லவா இருந்தார்கள்? அது செத்தது விஷத்தால். தப்பாகச் சொல்லி எழுப்பினால் செல்லுமா என்று வீடு வந்து சேரும்வரை கவலைப்பட்டேன்.

செல்லுபடியாகத்தான் ஆயிற்று. மறுநாள் விடியும்போது தம்பிக்கு நன்றாக வேர்த்து, காய்ச்சல் விட்டிருந்தது. அவன் வளர்ந்து, மீசை வைத்து, என்னையே அதட்டும் அளவுக்கு வந்தான்.

அம்மா கண்மூடிய பிறகு ஒருநாள் அப்பா தானாகச் சொன்னார். எனக்கு முன்னே அவர்களுக்கு ஒரு பையன் இருந்தானாம். தோட்ட வேலைக்காகக் கடலுக்கு அந்தப்பக்கத்திலிருந்த ஊரைவிட்டுப் புறப்பட்டு, மன்னாரில் தோணியிறங்கி, மாத்தளைக்குக் காட்டுவழியே கால்நடையாக வந்திருக்கிறார்கள். அரிசி மூட்டை அப்பா தலையில், பாத்திரமும் துணியும் அம்மா தலையில். மூன்று வயதுப் பிள்ளை தூக்கச்சொல்லி அழுதிருக்கிறது. கூட்டம் முன்னே போய்க்கொண்டிருந்தது, பின்தங்கினால் காடு. "அந்தா அந்த மரம் வரைக்கும் நடந்து வா சாமி" என்று அம்மா ஒவ்வொரு மரமாகக் காட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். ராத்தங்கலில் சுருண்டு படுத்த பிள்ளை விடிந்ததும் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறான் என்று அம்மா உலுக்கிக்கொண்டே இருந்தாளாம். கூட்டிவந்தவர்கள் குழி தோண்ட மட்டும் நேரம் கொடுத்தார்களாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதுளையிலிருந்து திரும்பி மலையேறும்போது அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். எட்டு வயதுக்கு நான் நல்ல கனம், கால்கள் அவள் முழங்கால் வரை தொங்கின. மேட்டில் அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது. "நான் நடக்கிறேம்மா" என்று இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். லயத்து வாசல் வரை அவள் என்னை இறக்கவில்லை. படம் பார்த்து நான் பயந்துபோய்விட்டேன் என்பதற்காகத்தான் அம்மா தூக்கிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்து, அவள் கழுத்தை நன்றாகக் கட்டிக்கொண்டேன்.