பதிமுகத் தண்ணீர்

புகைப்படம் எடுக்கும்போதெல்லாம் என் வலது கை தானாக எழுந்து வாயை மறைத்துக்கொள்ளும். பற்களின் மஞ்சள் நிறம்தான் காரணம். "என் கல்யாண போட்டோல கையைக் கீழ வெச்சுண்டு சிரிக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள் மகள். கல்யாணத்துக்குப் பதினொரு நாள் இருக்கும்போது பற்களை வெளுக்க வைத்துக்கொள்ளப் போனேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குக்கு மேல்மாடியில் பல் மருத்துவமனை. அன்று மேல்வரிசை மட்டும். கீழ்வரிசை நான்கு நாள் கழித்து என்றார் மருத்துவர், மலையாளப் பெண். மாலையிலேயே கூச்சம் ஆரம்பித்தது. மின்விசிறிக் காற்றை வாயால் இழுத்தால்கூட முன்பல்லில் ஊசி ஏறியது.

கூச்சத்துக்கான பற்பசையைத் தடவிக் கொப்பளிக்காமல் விட வேண்டும், வெதுவெதுப்பான தண்ணீர்தான் குடிக்க வேண்டும், தேநீர், காபி என்று நிறமுள்ள எதையும் தொடக் கூடாது என்றிருந்தார். நோட்டில் மூன்று பத்திகள் கோடிட்டேன்: நேரம், வாய்க்குள் போனது, பத்துக்கு எத்தனை வலி. முதல் நாள் எட்டு. மறுநாள் ஐந்து. மூன்றாம் நாள் மூன்று. இட்லி, இடியாப்பம், தேங்காய்ப்பால். தண்ணீர், தண்ணீர், தண்ணீர்.

நான்காம் நாள் மகளும் உடன் வந்தாள். மருத்துவர் நிற அட்டையைப் பல்லருகே பிடித்துப் பார்த்தார்.

"அங்கிளே, வெளுப்பு கொறச்சு இறங்கியிருக்கே. சாயா குடிச்சோ?"

"ஒரு வாய் இல்லை. எல்லாம் எழுதியிருக்கேன்."

மகள் நோட்டைப் புரட்டினாள். "அப்பா, எந்தத் தண்ணி?"

"வீட்டுத் தண்ணிதான்."

"பதிமுகம் போட்டுக் காய்ச்சினதா?"

எங்கள் வீட்டில் தினமும் அந்த மரச்சீவலைப் போட்டுத்தான் தண்ணீர் காய்ச்சுவோம். நல்ல ரோஜா நிறத்தில் இருக்கும். ஐம்பத்திரண்டு வயதுவரை அதை ஒரு நிறமாக நான் நினைத்ததே இல்லை.

"சாயாக்கு நாலு நாள் பட்டினி. செவப்புத் தண்ணி மட்டும் நாளைக்குப் பத்து டம்ளர்!" மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மருத்துவரும் சிரித்தார். பிறகு, மேல்வரிசையையும் இன்னொரு முறை செய்ய வேண்டும் என்றார்.

எனக்கு அந்த எட்டு நினைவுக்கு வந்தது. மேல்வரிசை அப்படியே இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவை முதல்ல கூச்சத்துக்கு ஜெல் வைக்கலாம். நேரமும் பாதிதான். தாங்கலேன்னா கையைத் தூக்குங்க, அப்பவே நிறுத்திடறேன்" என்றார் மருத்துவர்.

நாற்காலியின் பிடியைப் பற்றிக்கொண்டேன். ஒருமுறை கை பாதி எழுந்தது, மறுபடி வைத்துக்கொண்டேன். அன்றைய வலி: நான்கு. இரண்டு நாளில் ஒன்று.

கல்யாணப் பந்தியில் எல்லோருக்கும் பதிமுகத் தண்ணீர்தான் ஊற்றினார்கள். பழக்கத்தில் டம்ளரை எடுத்துவிட்டேன். மாலையும் கழுத்துமாக எதிர் வரிசையில் இருந்த மகள் எழுந்து வந்து அதைப் பிடுங்கினாள். "இனி குடிக்கலாம்மா, டாக்டர் சொல்லியாச்சு" என்றேன். "போட்டோ முடியட்டும்" என்றாள்.

அந்த நொடியில் எடுத்த படம்தான் இப்போது கூடத்தில் இருக்கிறது. டம்ளர் அவள் கையில். என் இரண்டு கைகளும் இலைக்குப் பக்கத்தில்.