முதல் மாணவர்களின் கல்வெட்டு

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. எதிரே பழைய பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. சும்மா நிற்பானேன் என்று உள்ளே போகிறேன். வாசலில் முதல் மாணவர்களின் பெயர் பொறித்த புதுக் கல்வெட்டு: சூசை, சவரிமுத்து, மயிலை, செவலை.

"கடைசி ரெண்டும் எங்க தாத்தாவோட உழவு மாடுங்க," என்று தலைமையாசிரியை என் காதோடு சொல்கிறார். "அப்ப நடவு நேரம், பசங்கல்லாம் வயல்ல. உழவு முடிஞ்சு மாடுங்க சும்மா நின்னுச்சு. இன்ஸ்பெக்டர் வர்றாருன்னு வாத்தியார் அதுங்க பேரையும் பதிவேட்டுல ஏத்திட்டாரு."

"அழிச்சிடலாமே?"

"எப்படிங்க? செவலையோட கொள்ளுப்பேரன்னு ஒருத்தர் வந்துட்டாரே!"

முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தவர் எழுந்து மைக்கைப் பிடிக்கிறார்.

"படிப்பு எங்க ரத்தத்துலயே ஊறுனதுங்க."