துரையின் அண்ணனுக்கு ஒப்பாரி

மலாயாவில் சிடாம் கிரிப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில், பங்களா வாசலில் உறுமி மேளம் பாதியில் நின்ற காலை இன்னும் என் காதில் இருக்கிறது. நான் துரையின் டிரைவர். அவர் இங்கிலாந்தில் பெரிய பிரபு வீட்டு இளைய மகன். கடற்படையில் இருந்தவர் என்றாலும் பீரங்கி பிடித்தவர் இல்லை. கப்பல்களுக்கு மாவும் கயிறும் எண்ணெயும் தவறாமல் போய்ச் சேரப் பார்த்துக்கொண்ட நிர்வாகி. அந்தப் பழக்கம் தோட்டத்திலும் விடவில்லை. அரிசி லாரி மழையில் மாட்டிக்கொண்டால் தானே சேற்றில் இறங்கி நிற்பார். “முதல்ல சோறு வரட்டும், டிரைவர். ரப்பர் மரம் எங்கயும் ஓடாது” என்பார். அதை நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவேன். சிரிக்காத ஆள் கிடையாது.

ஒருநாள் தோட்டத்து ஆபீஸ் கணக்கர், கிராணி, “துரைக்குப் பட்டம் வந்திருக்கு. இனி அவருதான் பிரபு” என்றார். எங்களுக்கு அது போதாதா? மாலை, தேங்காய், மேளம் எல்லாம் பங்களாவுக்குக் கிளம்பிவிட்டன. அண்ணன் செத்துத்தான் தம்பிக்குப் பட்டம் வந்தது என்று யாருக்குத் தோன்றும்? வெளியே வந்த துரையின் முகத்தை முதலில் கவனித்தவள் என் மனைவி.

“நிறுத்துங்க லா! மனுசன் அழுதிருக்காரு, கண்ணு தெரியல?”

“அண்ணன் போயிட்டார்” என்று மட்டும் சொன்னார் துரை. கையிலிருந்த மாலையோடு நாங்கள் விழிக்க, அவள் படியில் உட்கார்ந்து, முகமே பார்த்திராத அந்த வெள்ளைக்காரருக்கு ஒப்பாரி வைத்தாள். தம்பியைத் தனியாக விட்டுவிட்டு எந்தக் கப்பலில் ஏறினாய் என்று கேட்டாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். முடியும்வரை துரை அசையாமல் நின்றார்.

பட்டத்தோடு வந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள அவர் ஊருக்கே திரும்பிப் போக வேண்டியதாயிற்று. நான்தான் பினாங்குத் துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது கேட்டார்: “எங்க ஊர்ல இப்படி அழமாட்டாங்க, டிரைவர். எனக்கு யார் அழுவாங்க?”

“நாங்க இருக்கோம், துரை. சேதி மட்டும் அனுப்பச் சொல்லுங்க.”

சேதி வரவில்லை. ரப்பரை வெட்டிவிட்டுத் தோட்டமெல்லாம் எண்ணெய்க்கான செம்பனை நட்டுவிட்டார்கள், நாங்கள் சுங்கைப்பட்டாணி டவுனில் அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். போன மாதம் பேத்தி கைப்பேசியில் தேடிச் சொன்னாள்: துரை இறந்து வெகுகாலம் ஆகிவிட்டதாம்.

“ஐயோ, அந்த மனுசனுக்கு யாரும் அழுதிருக்க மாட்டாங்களே!” என்று மனைவி தரையில் உட்கார்ந்தாள். அக்கம்பக்கம் என்ன நினைக்குமோ என்று பேத்தி சன்னலைச் சாத்தப் போனாள். “தெறந்தே கெடக்கட்டும்” என்ற மனைவி குரலெடுத்தாள். பழைய குரல் இல்லை. பாதி அடியிலேயே மூச்சு வாங்கியது. ஆண்கள் ஒப்பாரி வைப்பது எங்களில் வழக்கமில்லை. மீதி அடியை நான் பாடினேன்.