தட்டிப் பாக்குற அம்மா

ஜெமிமாவுக்கு விருதுநகரில் அரசுக் கட்டடங்களைச் சோதிக்கும் பொறியாளர் வேலை. பள்ளிக்கூடமோ தாலுகா ஆபீசோ, போன இடத்தில் ஏணி போட்டு ஏறிச் சின்னச் சுத்தியலால் கூரையைத் தட்டுவாள். அதனால் ‘தட்டிப் பாக்குற அம்மா’ என்றே பேர் விழுந்துவிட்டது. வந்தால் எதையாவது பூட்டிவிட்டுப் போவாள் என்ற பயமும் ஊர்களில் உண்டு.

தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த புரட்டாசியில், எம். புதுப்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். தீக்காய வார்டின் கூரை, காற்றுக்குமிழ் விட்டு வார்த்த லேசான கான்கிரீட் பலகைகளால் ஆனது. சுவருக்குப் பாரமில்லை, வெயிலும் இறங்காது என்று அந்தக் காலத்தில் போட்டது. இப்போது மழைத்தண்ணீர் இறங்கி, உள்ளே கம்பி துருவேறி, நடுவில் தொய்ந்திருந்தது. ஒரு பலகை சுவரில் உட்காரும் இடத்தில் விரிசல். திருப்புளியை வைத்து அழுத்தினாள். ரஸ்க்கில் இறங்குவதுபோல் இறங்கியது.

உடனே வார்டைக் காலி பண்ணச் சொன்னாள். தலைமை நர்ஸ் ஞானபூரணி சம்மதிக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் எந்தப் பட்டாசு கம்பெனியில் தீப்பிடித்தாலும் முதலில் இங்கேதான் தூக்கி வருவார்கள் என்றாள்.

“கூரை விழுமான்னு ஒங்களுக்கே நிச்சயமில்ல. நெருப்பு புடிக்கும்னு எனக்கு நிச்சயம். வாரவகள எங்கன படுக்கப் போட?”

விழும் என்று ஜெமிமாவால் சத்தியம் பண்ண முடியாது. “எடம் பாத்துத் தாரேன் சிஸ்டர். அதுவரைக்கும் நானும் இங்கன இருந்து போகல” என்றாள்.

பக்கத்திலிருந்த சர்ச் ஹாலைக் கேட்டாள். அதில் வெள்ளைத்துரை என்பவர் மகள் கல்யாணத்துக்குச் சொல்லி வைத்திருந்தார். முதலில் முணுமுணுத்தவர், தன் தங்கச்சியும் அந்த ஆஸ்பத்திரி மருந்து ரூமில்தான் வேலை பார்க்கிறாள் என்று சொல்லி, கல்யாண விருந்தை வெளியே பந்தலுக்கு மாற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரி டாக்டரும் ஒத்துக்கொள்ள, சாயங்காலத்துக்குள் கட்டில்கள் இடம் மாறின.

அந்தச் சீசனில் இரண்டு பெண்களைத் தீக்காயத்தோடு கொண்டுவந்தார்கள். ஹாலிலேயே முதல் சிகிச்சை முடித்து மதுரைக்கு அனுப்ப, இருவரும் பிழைத்தார்கள். ஐப்பசி மழையும் கொட்டித் தீர்த்தது. கூரை மட்டும் விழவில்லை. வீணாக வார்டைப் பூட்டிவிட்டாள் என்று ஊரில் கேலி பேசினார்கள். மழை பெய்யும்போதெல்லாம், விழுந்து தொலைக்கக் கூடாதா என்று ஜெமிமாவுக்குத் தோன்றும். அப்படித் தோன்றியதற்காக வெட்கப்படவும் செய்வாள்.

தை மாதம் கூரையைப் பிரித்தார்கள். ஆட்கள் ஒரு முனையை அசைத்ததுமே பலகை இரண்டாக முறிந்து, முன்பு கட்டில்கள் கிடந்த இடத்தில் பொதபொதவென்று விழுந்தது. தூசி அடங்கும்வரை ஞானபூரணி வாசலிலேயே நின்றாள்.

“நைட் டூட்டிக்கு நான் சாஞ்சிருக்கிற எடம் அது” என்றாள் மெதுவாக.

பிறகு ஜெமிமாவின் கையைப் பிடித்து ஹாலுக்குக் கூட்டிப்போய்த் தன் சாப்பாட்டைப் பிரித்தாள். இருவரும் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள்.