நூறு படமும் ஒரு தண்ணீர்ப் பட்டியலும்

கண்டாவளையில் விவசாயிகளான எங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளர் நான். சிறுபோகம் என்ற கோடை விதைப்பில் யாருக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்ற பட்டியலை என் வீட்டுக் கொம்பியூட்டரில்தான் வைத்திருந்தேன். போர்நிறுத்தம் வந்து பாதை திறந்த பிறகு வெளிநாட்டிலிருந்து வந்த என் மனைவியின் தம்பி, அதில் நூறு சினிமாப் படங்களை ஏற்றினார். சத்தம் மட்டும் வந்தது, திரை கறுப்பாகவே கிடந்தது. ஜெனரேற்றர் மண்ணெண்ணெய் குடித்துக்கொண்டிருக்க, அவர் தட்டிக்கொண்டேயிருந்தார். எரிச்சலில், "என்னத்தையாவது செய்து துலையும்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனேன். அப்படிச் சொன்னதுதான் நான் செய்த புத்திகெட்ட விசர் வேலை.

திரும்பி வர, "அத்தான், பழைய குப்பையை முழுக்க அழிச்சுப் புதுசாப் போட்டிட்டன். இப்ப படம் ஓடுது" என்று பல்லைக் காட்டினார். பட்டியலும் அந்தக் குப்பையோடு போய்விட்டது. இரண்டு நாளில் வாய்க்கால் திறக்க வேண்டும். பட்டியல் இல்லாவிட்டால் மண்வெட்டிதான் பேசும்.

அச்செடுத்த ஒரேயொரு பிரதி கந்தையா என்ற கமக்காரரிடம் இருந்தது. தன் பங்கில் அரை ஏக்கரை நான் வெட்டிவிட்டேன் என்று கூட்டத்தில் என்னைத் திட்டி, அதைப் பறித்துக்கொண்டு போனவர். வெட்கத்தை விட்டு அவர் வாசலில் போய் நின்றேன்.

"உம்மட மூஞ்சிக்காகத் தரேல்லை. சனம் வெட்டுப்படக்கூடாதெண்டு தாறன்" என்று தாளை எறிந்தார். விரித்துப் பார்த்தேன். அவர் பெயருக்கு நேரே அந்த அரை ஏக்கர் குறைந்தபடியே இருந்தது. அதை மாற்ற ஒரு கோடுகூட அவர் கீறவில்லை.

மச்சானுடைய படம் ஒன்றையும் நான் இன்றுவரை பார்க்கவில்லை. கந்தையாவோடு பேச்சுக் கதையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சிறுபோகமும் பட்டியலைக் கையால் எழுதி, முதல் பிரதியை அவர் வீட்டில்தான் கொடுக்கிறேன்.