வெள்ளையாய் விட்ட தெரு

நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் படம் வரைபவருக்கு ஸ்கேல் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வேறு ஏதோ வைத்திருந்தார்கள். அது சம்பளச் சீட்டோடு சரி. கோடு கோணலாக இருந்தால் மனிதருக்குச் சாப்பாடு இறங்காது. விருந்துக்குப் போன இடத்தில் மேஜை வரிசை வளைந்திருந்தால்கூட எழுந்துபோய் நேராக்கிவிட்டுத்தான் இலை முன்னால் உட்காருவார்.

ஊருக்கு அடியில் ஓடுகிற குழாய் அத்தனையும் அவர் கைவழியாகத்தான் காகிதத்துக்கு வந்தது. குடிநீருக்கு நீலம், சாக்கடைக்குச் சிவப்பு. முடி போல மெலிந்த கோடுகள், மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டவை. என்ன பிரயோஜனம்? பொறியாளர் அதன்மேல் டீ டம்ளரை வைப்பார். மச்சினனோ நாலு பேர் இருக்கிற இடமாகப் பார்த்து, "எங்க அக்கா வீட்டுக்காரரு, சாக்கடை படம் போடறவரு" என்று அறிமுகம் செய்துவைப்பான். தன் கோட்டை ஒருத்தராவது ரசிக்கமாட்டாரா என்று ஸ்கேல் ஏங்கிக் கிடந்தார். மனைவியிடம் ஒருநாள் வாய்விட்டே கேட்டார்.

"நான் வரையற படத்த நீ ஒரு தடவ வந்து பாரேன்."

"வீட்டுல நீங்க காட்டற படமே போதுங்க. அதுலயே எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு."

அவளுக்கு வேண்டியது படமல்ல, தண்ணீர். அவர்கள் தெருவுக்குக் குழாயே கிடையாது. லாரி வரும், குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். 'தண்ணி ஆபீஸ்காரர் பொண்டாட்டி ஓடறா பாரு' என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். இடுப்பு வலியைவிட அந்தச் சிரிப்புதான் அவளுக்கு வலித்தது. இப்போதுதான் புதுக் குழாய்த் திட்டம் வருகிறது என்று பேச்சு.

"இந்தத் தடவயாவது நம்ம தெரு இருக்குல்ல?"

"படத்துல போட்டாச்சு. கோடு இருந்தா குழாய் வரும். அவ்வளவுதான் கணக்கு."

அந்தச் சமயம் பார்த்து அலுவலகத்துக்குள் வந்து சேர்ந்தார், ஊரில் கலைக்கூடம் நடத்துகிற மேடம். கழிவறை அடைத்துக்கொண்டது என்று புகார் சொல்ல வந்தவர், ஸ்கேலின் மேஜைமேல் விரிந்திருந்த புதுத் திட்டத்துப் படத்தைப் பார்த்ததும் வந்த காரியத்தை மறந்தார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"இது வெறும் வரைபடம் இல்ல சார். நகரத்தோட மௌனம்!"

சார் என்றது யாரை என்று ஸ்கேல் திரும்பிப் பின்னால் பார்த்தார். சுவர்தான் இருந்தது. ஆக, தன்னைத்தான்.

மேடம் அதைத் தன் கூடத்துக் கண்காட்சியில் மாட்டப்போகிறாராம். நகல் வேண்டாம், அலுவலகத்தில் புழங்கிய மூலப்படமே வேண்டும். டீக்கறைதான் அதன் உயிராம். பொறியாளர் கலைக்கு இவ்வளவு தொண்டு செய்திருக்கிறார் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் படத்தில் தெருப்பெயர்கள் இருக்கக்கூடாது என்றார் மேடம்.

"எழுத்து இருந்தா ஜனங்க படிச்சிடுவாங்க. படிச்சிட்டா அப்புறம் பாக்க மாட்டாங்க."

ஸ்கேல் பிளேடை எடுத்தார். தெருப்பெயர், வடக்கு காட்டும் அம்புக்குறி, நிற விளக்கம் எல்லாவற்றையும் நோகாமல் சுரண்டினார். மேடம் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இந்த மூலைல மட்டும் கொஞ்சம் நெரிசலா இருக்கு. இங்க வெளி வேணும். படம் மூச்சு விடணும் சார்."

"அது எங்க தெரு மேடம்."

"அடடா! தன் தெருவயே துறக்கற கலைஞன்!"

கலைஞன் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ஸ்கேலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தத் தெரு நடுவில் ஒரு முறை முறித்துக்கொண்டு திரும்பும். அந்தக் கோணல் அவர் கண்ணை எப்போதுமே உறுத்தியிருக்கிறது. சுரண்டினார். சுத்த வெள்ளை. அலுவலகத்துக்கென்று அப்புறம் வேறு தாளில் வரைந்து வைத்துவிட்டால் போயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

அந்த அப்புறம் வரவே இல்லை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. முடி வளர்த்தார். கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டார். குப்பையைக் கொட்டிவிட்டு வரச் சொன்னால், குப்பைக்கும் வெளிக்கும் உள்ள உறவைப் பற்றி யோசித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். படம் கண்காட்சிக்குப் போவதற்கு முன்பாகப் பொறியாளர் அவசரமாக வந்து, திட்டத்துக்கென்று அதையே நகல் எடுத்தார்.

"பேரெல்லாம் எங்கய்யா?"

"இப்ப வந்திருக்கற முறை சார்."

"ஓ, அதுவா" என்று பொறியாளர் தலையாட்டினார். தெரியாது என்று சொன்னால் கௌரவம் என்னாவது? அந்த இடத்தில் ஸ்கேல் வாயைத் திறந்திருந்தால் கதை முடிந்திருக்கும். அவர் படத்துக்குப் போடுகிற சட்டம் கறுப்பா பழுப்பா என்ற கவலையில் இருந்தார். கடைசியில் மேடம் சட்டமே வேண்டாம் என்றுவிட்டார். கண்ணாடி போட்டால் உயிர் போய்விடுமாம்.

குழி தோண்டுகிற வேலை தொடங்கியது. பக்கத்துத் தெருவில் தோண்டினார்கள், எதிர்த் தெருவில் தோண்டினார்கள், இவர்கள் தெருமுனை வரைக்கும் வந்து அப்படியே திரும்பிப் போனார்கள். மனைவி குடத்தோடு ஓடி மேஸ்திரியை மறித்தாள்.

"எங்க தெருவ விட்டுட்டுப் போறீங்களே?"

மேஸ்திரி தாளை விரித்துக் காட்டினார். "இதுல உங்க தெருவே இல்லம்மா. வெறும் வெள்ளதான் இருக்கு. இனிமே அடுத்த திட்டத்துலதான்."

"யாரு வரஞ்ச படம் இது?"

"யாரோ பெரிய ஓவியராம். கலைக்கூடத்துல இப்ப அவரு பேச்சுதான் நடக்குதாம்."

அவள் குடத்தை அங்கேயே வைத்தாள்.

கலைக்கூடத்தில் கண் கூசும் வெளிச்சம். எதிரே நாற்காலிகளில் கூட்டம். சுவரில் படம், பக்கத்தில் துண்டைத் தோளில் வழியவிட்டுக்கொண்டு ஸ்கேல். வெள்ளை மூலையைக் காட்டி, "இல்லாததுதான் இங்க பேசுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முதல் முறையாக அவர் படத்தைப் பார்க்கிறாள். ஸ்கேலுக்கு ஒரு கணம் நெஞ்சு விம்மியது, பாவம்.

"நம்ம தெரு எங்கங்க?"

"இது அப்படிப் பாக்கற படம் இல்லம்மா..."

"எங்கங்க?"

"வெளி வேணும்னு... எடுத்துட்டேன்."

அவள் திட்டவில்லை. பார்வையாளர் பதிவேட்டின் மேல் கிடந்த பேனாவை எடுத்தாள். வெள்ளை மூலையில் அழுத்தி ஒரு கோடு போட்டாள். தெரு திரும்புகிற இடத்தில் முறித்துத் திருப்பினாள். பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'எங்க தெரு' என்று எழுதினாள்.

மேடம் அலறினார். அதற்குள் முன்வரிசைத் தாடிக்காரர் ஒருவர் துள்ளி எழுந்து, "ஆஹா! அழிக்கப்பட்டவளே திருப்பி எழுதறா!" என்று முழங்க, மேடத்தின் அலறல் பாதியிலேயே பரவசமாக மாறிவிட்டது. கூடமே எழுந்து நின்று கை தட்டியது. தன் வாழ்நாளில் எந்த நேர்கோட்டுக்கும் கிடைக்காத தட்டல் இந்தக் கோணல் கோட்டுக்குக் கிடைப்பதை ஸ்கேல் பேந்தப் பேந்தப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு வயிறு எரிந்தது. வெட்கமாகவும் இருந்தது. எது அதிகம் என்று அவருக்கே விளங்கவில்லை.

மனைவி பேனாவை மூடிக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"கை தட்டனது போதும். தண்ணி விடுங்க."

அதற்கும் தட்டினார்கள். கூட்டத்தோடு கூட்டமாக ஸ்கேலும் இரண்டு தட்டு தட்டிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.